ஹாலோ ஹேண்டிலா, ஒரே துண்டா, ஃபுல் டேங்கா? டர்பன் பக்கம் இருக்கறவங்க எந்தக் கத்தி வாங்கறது

குளிர்கால லீவு நெருங்குச்சுன்னா தென்னாப்பிரிக்கால, நம்ம டர்பன் ஹைக்கிங் குரூப்புல இந்தக் கேள்வி வந்துரும். "அண்ணே, கைப்பிடிக்குள்ள தீக்குச்சி, தூண்டில் எல்லாம் வச்சுக்கற கத்தி ஒண்ணு ஆன்லைன்ல பாத்தேன், முதுகுல ரம்பம் வேற இருக்கு, மூடில காம்பஸ் இருக்கு, விலையும் சில நூறு ராண்டுதான், வாங்கவா இல்ல சாதா கத்தியே போதுமா?" போன வாரம் சாட்ஸ்வொர்த்ல இருந்து ஒரு தம்பி கேட்டான், அதுக்கு முன்னாடி டோங்காட்ல இருந்து ஒரு மாமா, அவரு ரிட்டயர் ஆனவரு, அவருக்கும் அந்த ரம்பப் பல்லு மேலதான் கண்ணு. தனித்தனியா பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதனால இங்க மொத்தமா எழுதிடறேன்.

மொதல்ல என்னென்ன பாக்கணும்னு சொல்லிடறேன், அது தெரிஞ்சாத்தான் மிச்சம் புரியும்.

## எதை வச்சு அளக்கறது

பிளேடும் கைப்பிடியும் சேர்ற இடம், அதான் முதல் விஷயம். கத்தியோட இரும்பு கைப்பிடிக்குள்ள போற பாகத்தைத்தான் டேங்னு சொல்றாங்க. ஃபுல் டேங்னா கைப்பிடி முழுக்க, கடைசி வரைக்கும் இரும்பு. ஹாலோ ஹேண்டில்னா உள்ள காலியா இருக்கணும், அதனால டேங்கை ஒரு அங்குலத்துல நறுக்கி, ஒரு குழாய்க்குள்ள விட்டு, நட்டு போட்டோ பசை ஊத்தியோ நிறுத்திடறாங்க. கணக்கு போட்டுப் பாருங்க, 7 அங்குல பிளேடோட நுனில 10 கிலோ பாரம் விழுதுன்னா, ஒரு அங்குலமே உள்ள போயிருக்கற துண்டை அது 70 கிலோ அளவுக்கு நெம்பும், அதே டேங் 4 அங்குலம் உள்ள போயிருந்தா 18 கிலோவுக்குள்ள அடங்கிரும். ஹாலோ ஹேண்டில் கத்தியோட மொத்தக் கதையும் இந்தக் கணக்குக்குள்ளயே இருக்கு.

ரெண்டாவது, கைல எப்படி உக்காருது. மூணாவது, உள்ள வைக்கிற இடம் நிஜமாவே பிரயோஜனமா, தண்ணி புகாதா. நாலாவது பராமரிப்பு, டர்பன் கடல் காத்துல கார்பன் ஸ்டீல் எப்படித் துருப் பிடிக்கும்னு வீட்டு கேட்டைப் பாத்தாலே தெரியும். அஞ்சாவது, யாரும் கேக்கறதே இல்ல: இந்தக் கத்திய நீங்க எங்க வச்சு, என்ன பண்ணப் போறீங்க?

## வெளிய வச்சு டெஸ்ட் பண்றது எப்படி

வாங்கறதுக்கு முன்னாடி யோசிக்கணும், வாங்கினதுக்கு அப்புறம் மலைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி சோதிக்கணும். வீடியோல பண்ற மாதிரி பாறை மேல அடிக்கறது, மரத்துல எறியறது, இரும்புச் சுத்தியலால அடிக்கறது இதெல்லாம் சோதனை இல்ல, எந்தக் கத்தியும் அதுல போயிரும், அதுல இருந்து நமக்கு ஒண்ணும் தெரியாது.

நான் செய்யறது இப்படி. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தோல் கிளவுஸ், பக்கத்துல குழந்தைங்க வேண்டாம். முதல்ல மூடியக் கழட்டி டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, கீழ நட்டு தெரியுதா, வெல்டிங் தெரியுதா, இல்ல வெறும் பசைக் கட்டி தெரியுதா. அப்புறம் பெர்மனென்ட் மார்க்கரால பிளேடுல ஆரம்பிச்சு கார்டு (பிளேடுக்கும் கைப்பிடிக்கும் நடுவுல விரலுக்குத் தடுப்பா இருக்கற துண்டு) மேல ஏறி கைப்பிடி வரைக்கும் ஒரே கோடா போடுங்க. இந்தக் கோடுதான் உங்க சாட்சி, ஜாயின்ட் ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு உடைஞ்சு காட்டிக் குடுத்துரும். பிளேடத் துணில சுத்திப் பிடிச்சு கைப்பிடிய முன்ன பின்ன ஆட்டுங்க, 'டிக்'னு ஒரு சின்ன சத்தம் வந்தாலே போதும், கடைக்குத் திருப்பி அனுப்பிரலாம்.

அடுத்தது மரம். டர்பனுக்கு உள்நாட்டுப் பக்கம் இருக்கற மிட்லண்ட்ஸ்ல பிளாக் வாட்டில் மரம் எங்க பாத்தாலும் கிடைக்கும், ஆஸ்திரேலியால இருந்து வந்து நம்ம ஓடைக்கரையெல்லாம் பிடிச்சுக்கிட்ட மரம், பண்ணைக்காரங்க வெட்டிட்டுப் போனா சந்தோஷந்தான் படுவாங்க, ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டுங்க. நல்லாக் காஞ்ச, முடிச்சு இல்லாத துண்டா எடுங்க. முதல்ல கட்டைவிரல் தடிமன், அப்புறம் மணிக்கட்டுத் தடிமன். பிளேட மரத்து மேல வச்சு, முதுகுல இன்னொரு கட்டையால தட்டிப் பிளக்கணும், கைப்பிடிய இறுக்கிப் பிடிக்காம லேசா பிடிங்க, ரெண்டு காலையும் கத்தி போற வழில இருந்து ஒதுக்கி வச்சுக்கோங்க. நாலஞ்சு அடிக்கு ஒரு தடவை நிறுத்திக் கோட்டைப் பாருங்க, காதையும் தீட்டி வச்சுக்கோங்க.

ஒரு மலிவுக் கத்திய நான் இப்படித் தட்டும்போது நடந்தது: ஆரம்பத்துல ஒவ்வொரு அடிக்கும் கணீர்னு ஒரு சத்தம், மணிக்கட்டுத் தடிமனுக்கு வந்ததும் அது 'டொக்'னு மாறிருச்சு. பாத்தா பிளேடு அப்படியே சிக்குன்னு இருக்கு, மார்க்கர் கோடு கார்டுகிட்ட அரை மில்லிமீட்டர் விலகியிருக்கு, நகத்த விட்டா இடைவெளில மாட்டுது, மூடியத் திறந்து கவுத்தா உள்ள இருந்து காஞ்ச பசை பிஸ்கட் தூள் மாதிரி கொட்டுது. பிளேடு உடையவே இல்ல, கவனிங்க. இந்தக் கத்திகள்ல பெரும்பாலும் 420 வகை ஸ்டெயின்லெஸ்தான், அது கொஞ்சம் மிருதுவான இரும்பு, வளையும், சீக்கிரம் உடையாது. போறது எப்பவுமே ஜாயின்ட்தான்.

கடைசியா தண்ணி. கைப்பிடிக்குள்ள டிஷ்யூ பேப்பர் ஒண்ணு போட்டு, மூடிய இறுக்கி, ராத்திரி முழுக்க வாளித் தண்ணில போட்டு வைங்க. காலைல பேப்பர் காஞ்சு இருந்தா பாஸ். ஆனா இதை மரம் பிளந்ததுக்கு அப்புறமும் ஒரு தடவை பண்ணணும், அடி அதிர்ச்சில மூடியோட மரை லூசாயிரும், ரப்பர் வளையம் நகந்துரும்.

## மலிவு ஹாலோ ஹேண்டில்

1982-ல வந்த ஒரு ஹாலிவுட் படத்துக்காக அர்கன்சாஸ்காரர் ஜிம்மி லைல் ஒரு கத்தி செஞ்சு குடுத்தார், அதுக்கப்புறம் உலகம் பூரா அதோட நகல்தான். லைல் செஞ்சது கைவேலை, நாம வாங்கறது அச்சுல வார்த்த கார்டும் மெல்லிசு அலுமினியக் குழாயும். வெளித்தோற்றம் ஒண்ணுதான், உள்ளதான் வேற.

ஜாயின்ட் பத்தி மேலயே சொல்லிட்டேன். கைப்பிடி உருண்டை, கண்ண மூடிட்டுப் பிடிச்சா கூர் எந்தப் பக்கம் இருக்குன்னு கைக்குத் தெரியாது, டிசம்பர் புழுக்கத்துல வேர்த்த கையோட பிடிச்சா சுழலும். ஜூலைல டிராக்கன்ஸ்பர்க் மலைல காலைப் பனில வெறும் உலோகத்தப் பிடிச்சுப் பாருங்க, அப்பத் தெரியும். பாராகார்ட் (மெல்லிசு நைலான் கயிறு) சுத்தினா கொஞ்சம் தேவல.

முதுகு ரம்பம்: மாமா மன்னிக்கணும், அது மரம் அறுக்காது. அந்த மாதிரிப் பல்லு விமானத்தோட அலுமினியத் தகட்டைக் கிழிக்கறதுக்குன்னு வந்தது. மரத்துல ரெண்டு இழுப்புல மாட்டிக்கும். அதோட முதுகுல தட்டிப் பிளக்கும்போது தட்டுற கட்டையக் கடிச்சுத் துப்பும்.

காம்பஸ் இன்னும் மோசம், இதக் கொஞ்சம் விவரமாவே சொல்றேன், ஏன்னா இதை நம்பித்தான் சில பேர் வாங்கறாங்க. காம்பஸ் முள்ளை பூமியோட எந்தப் பகுதிக்குன்னு பாத்து எடை சமன் பண்ணுவாங்க, வட பாதிக்குச் சமன் பண்ணின முள்ளு இங்க தெக்க ஒரு பக்கம் சாஞ்சு அடில உரசும், பாதி நேரம் சுத்தவே சுத்தாது. சுத்தினாலும் பக்கத்துலயே இரும்பு பிளேடு இருக்கு, அது முள்ளை இழுக்கும். இது ரெண்டையும் தாண்டி, நம்ம குவாசுலு நட்டால் மாகாணத்துல காந்த வடக்கு நிஜ வடக்குக்கு மேற்கால 20 டிகிரிக்கும் மேல விலகி நிக்குது, அதக் கழிக்கத் தெரியலைன்னா நல்ல காம்பஸே பாதை மாத்தி விட்டுரும், இந்தப் பட்டன் சைஸ் காம்பஸ் எம்மாத்திரம். கைப்பிடிய வச்சு கூடார ஆணி அடிச்சா அதுவும் உடைஞ்சுரும்.

அப்ப இது யாருக்குத்தான் ஆகும்? அலமாரில வைக்க, கயிறு வெட்ட, வெங்காயம் நறுக்க, ஆசைக்கு. ஆசைக்கு வாங்கறது தப்பே இல்ல, ஆனா உயிர் காக்கும்னு நினைச்சு வாங்காதீங்க.

## ஒட்டு வச்சாலும் ஒழுங்கா கட்டின ஹாலோ ஹேண்டில்

குழாய்க் கைப்பிடின்னாலே குப்பைன்னு சொல்லிடவும் முடியாது. ஃபுளோரிடாவோட ஆர்லாண்டோல இருக்கற ராண்டால் கம்பெனி விட்நாம் போர்க் காலத்துல கொண்டு வந்த மாடல் 18, ஸ்டெயின்லெஸ் குழாய்க் கைப்பிடி, கார்டோட பத்த வச்சு இணைச்சது. சிப்பாய்ங்க கைல இருந்த கத்தி அது. வேலை சுத்தமா இருந்தா ஒட்டும் தாங்கும். ஆனா இந்த வகை கைவேலை, விலை டாலர்ல, வரவழைச்சா இறக்குமதி வரி, அதுக்கு மேல 15 சதவீத வாட், கூரியர், கஸ்டம்ஸ்ல மாட்டினா காத்திருப்பு. சேகரிக்கறவங்களுக்குச் சரி. மத்தவங்க அடுத்த தலைப்புக்கு வந்துடுங்க.

## ஒரே துண்டு ஹாலோ ஹேண்டில்

இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி, ஏன்னா இது நம்ம ஊர்க் கதை.

ஜாயின்ட்தான் பிரச்சனைன்னா ஜாயின்டே இல்லாமப் பண்ணிட்டா? இதை யோசிச்சுச் செஞ்சவர் கிறிஸ் ரீவ், நம்ம டர்பன்காரர், டூல் மேக்கர் வேலை பழகினவர். 1984-ல இங்கதான் முழு நேரமா கத்தி செய்ய ஆரம்பிச்சார். ஏ2 டூல் ஸ்டீல் கட்டி ஒண்ணை எடுத்து, ஒரு பக்கம் பிளேடா கடைஞ்சு, மறுபக்கம் கைப்பிடியக் குடைஞ்சு, பின்னாடி மரை போட்டு மூடி. பசை கிடையாது, நட்டு கிடையாது, கழண்டு போக எதுவுமே கிடையாது. கைப்பிடி வெளிப்பக்கம் சொரசொரன்னு வெட்டு போட்டிருக்கும், அதனால உருண்டையா இருந்தும் வழுக்காது. 1989-ல அமெரிக்காவுக்கு, ஐடஹோ மாநிலத்து பாய்சிக்குக் குடி போயிட்டார், அப்புறம் செபென்சான்னு ஜூலு பேரோட வந்த மடக்குக் கத்தி அவர் பேரை இன்னும் பெருசாக்கிருச்சு. அந்த ஒரே துண்டு வரிசை இப்ப உற்பத்தில இல்ல, பழசு கைமாறினாத்தான் உண்டு, அதுவும் சேகரிக்கறவங்க விலைல.

மறைஞ்ச செலவு என்னன்னா, ஏ2-ல 5 சதவீதம் குரோமியம்தான், ஸ்டெயின்லெஸ் இல்ல. வெளிய கோட்டிங் இருக்கும், தேய்ஞ்சா துரு. கைப்பிடி உள்பக்கத்த யாரும் பாக்க மாட்டாங்க, பீச் பக்கம் வீடு இருந்தா உள்ளயே சத்தமில்லாம அரிச்சுட்டு இருக்கும். பழசு வாங்கறவங்க மூடியக் கழட்டி, வெள்ளைத் துணி சுத்தின குச்சிய உள்ள விட்டு அடி வரைக்கும் தேய்ச்சுப் பாருங்க, மூடி கோணலா ஏறி மரை கெட்டிருக்கான்னும் பாருங்க, மரை போனா அந்தக் கத்தியோட பாதி மதிப்பு போச்சு.

அவ்வளவு காசு இல்லாதவங்களுக்கு கோல்ட் ஸ்டீல் கம்பெனியோட புஷ்மேன் கத்தி இருக்கு. எஸ்கே-5 கார்பன் ஸ்டீல் தகடு, 2.5 மில்லிமீட்டர் தடிமன், 7 அங்குல பிளேடு, கைப்பிடி அதே தகட்டைச் சுருட்டிச் செஞ்சது, மண்வெட்டில காம்பு சொருகற பூண் மாதிரி. நீளமான குச்சி சொருகினா ஈட்டி. அழகுன்னு ஒண்ணும் கிடையாது, மூடியும் கிடையாது, உள்ள ஏதாவது வைக்கணும்னா ரப்பர் கார்க் ஒண்ணு தேடி அடைக்கணும். மார்க்கர் கோடு டெஸ்டுக்கு வேலையே இல்ல, திரும்பறதுக்கு ஒண்ணும் இல்லையே. மரம் பிளக்கறதுல மலிவு ஹாலோ ஹேண்டிலோட பக்கத்துல வச்சுப் பேசவே கூடாது. ஆனா வெறும் உலோகப் பிடி, கை சீக்கிரம் வலிக்கும், பாராகார்டோ டென்னிஸ் ராக்கெட் டேப்போ சுத்தணும், எண்ணெய் போடலைன்னா டர்பன்ல ஒரு வாரத்துல செம்மண் கலர் ஆயிரும்.

கைப்பிடிக்குள்ள பொருள் வச்சே ஆகணும், அடியும் தாங்கணும்னு ரெண்டும் கேக்கறவங்களுக்கு இந்த வகை ஒண்ணுதான் வழி.

## ஃபுல் டேங், அதுக்குப் பக்கத்துல இருக்கறதுங்க

மோரா, ஸ்வீடன் கத்தி. மோரா கார்பர்க்: ஃபுல் டேங், 3.2 மில்லிமீட்டர், ஸ்டெயின்லெஸ். மோரா கம்பானியன்: இது ஃபுல் டேங் இல்ல, ஆனா பிளாஸ்டிக் பிடிக்குள்ள டேங் நல்லா ஆழமாப் போகுது, விலையும் ரொம்பக் கம்மி. கைல உக்கார்றதுல இந்த ரெண்டையும் எந்த உருண்டைக் குழாயும் ஜெயிக்க முடியாது, கூர் எந்தப் பக்கம்னு கைக்கே தெரியும். பிளேடு 10, 11 சென்டிமீட்டர்தான், அதனால ரொம்பத் தடிச்ச கட்டை பிளக்க முடியாது, ஆனா நெம்புகோல் நீளம் கம்மி, ஜாயின்டுக்கு வர்ற பாரமும் கம்மி.

ஃபுல் டேங்னா உசத்தி, மத்ததெல்லாம் மட்டம்னும் கட்சி கட்டாதீங்க. 1942-ல அமெரிக்க மரைன்களுக்கு வந்த கேபார் கத்தியோட டேங் ஒல்லியானது, ஆனா கைப்பிடியோட கடைசி வரைக்கும் போய் அங்க பிணைஞ்சிருக்கு, அதனால இத்தனை வருஷம் ஓடுது. அகலத்த விட எவ்வளவு தூரம் உள்ள போகுதுன்னுதான் பாக்கணும்.

உள்ள பொருள் வைக்க இடம் இல்லையேன்னு கேப்பீங்க. தண்ணி புகாத குட்டி பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு வாங்கிப் பாக்கெட்ல போடுங்க, வாசலின் தடவின பஞ்சு, தீக்குச்சி, ஊசி நூல், தண்ணி மாத்திரை, எல்லாம் ஹாலோ ஹேண்டில விட ரெண்டு மடங்கு கொள்ளும். கத்தி ஆத்துல விழுந்தாலும் டப்பா உங்ககிட்ட இருக்கும், ஹாலோ ஹேண்டில்ல ரெண்டும் சேந்தே போயிரும்.

## பங்கா (பெரிய வெட்டுக்கத்தி)

டோங்காட், வெருலம் பக்கம் கரும்புக் காட்டு வேலை பாத்த குடும்பத்துல தாத்தா காலத்து கேன் நைஃப் இன்னும் ஷெட்ல தொங்கும். 1860-ல ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்ல இருந்து வந்து இறங்கினவங்களோட பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க கைல புழங்கின சாமான் அது. புதர் வெட்ட, பிராய்க்கு (வெளிய தீ மூட்டிக் கறி சுடறதுக்கு) விறகு சீவ, இதுக்கு முன்னாடி மத்த எல்லாக் கத்தியும் பொம்மைதான். ஹார்ட்வேர் கடைல பங்கா மலிவா கிடைக்கும். சுமந்துட்டு மலை ஏற முடியாது, நுணுக்க வேலை ஆகாது, அவ்வளவுதான் குறை. பக்கில (பிக்கப் வண்டில) போட்டுட்டுப் போற கேம்பிங்னா இது ஒண்ணு, மோரா ஒண்ணு, வேலை முடிஞ்சது.

## ஒரு பார்வைல

| | மலிவு ஹாலோ ஹேண்டில் | ஒரே துண்டு | மோரா வகை | பங்கா |
|---|---|---|---|---|
| ஜாயின்ட் | எப்ப வேணா போகும் | ஜாயின்டே இல்ல | நம்பலாம் | நம்பலாம், ரிவெட்ட மட்டும் பாருங்க |
| கைப்பிடி | உருண்டை, சுழலும் | உருண்டை, ஏதாவது சுத்தணும் | நல்லா இருக்கும் | வெட்ட மட்டும் |
| உள்ள இடம் | உண்டு, தண்ணி டெஸ்ட் பண்ணணும் | உண்டு | இல்ல, டப்பா வாங்குங்க | இல்ல |
| துரு | குறைவு | அதிகம், உள்பக்கமும் | ஸ்டெயின்லெஸ்னா கவலை இல்ல | எண்ணெய் போடணும் |
| கூடுதல் செலவு | மறுபடி ஒரு கத்தி வாங்கற செலவு | பழசுன்னா தேடுற செலவு, வெளிநாட்டுதுன்னா வரி | பெருசா இல்ல | உறை தனியா தைக்கணும் |

## எங்க கொண்டு போறீங்க?

அஞ்சாவது அளவுகோல்னு சொன்னேன்ல, அதுக்கு வரேன். டிராக்கன்ஸ்பர்க் பார்க்குக்குள்ள வெட்டவெளில தீ மூட்ட அனுமதி இல்ல. 2000-லயே யுனெஸ்கோ பட்டியல்ல வந்த இடம், அங்க போய் மரத்த வெட்டிப் பிளந்துட்டு இருக்க முடியாது. அங்க உங்களுக்குக் கத்தி எதுக்குன்னா சீஸ் நறுக்க, கயிறு வெட்ட, பிளாஸ்டர் கத்தரிக்க. அங்க ஆபத்துன்னு வர்றது மூடுபனி, குளிர், மத்தியானத்து இடி மின்னல், திடீர்னு ஏறுற ஆறு. இது ஒண்ணையும் கத்தியால வெட்ட முடியாது. கேட்ல இருக்கற மலையேற்ற ரெஜிஸ்டர்ல பேர், போற வழி, திரும்பற நாள் எழுதிட்டுப் போங்க, தேடி வர்றவங்களுக்கு அதுதான் தடயம். நல்ல ஜாக்கெட், நிஜமான காம்பஸ், மேப். கத்தி பட்ஜெட்ல மிச்சம் பிடிச்சு இதுல போடுங்க. இங்க மோரா கம்பானியன் போதும், போதும்னா நிஜமாவே போதும்.

மிட்லண்ட்ஸ் பண்ணைல, தனியார் கேம்ப்சைட்ல, பிராய் போடுற இடத்துல விறகு பிளக்கற வேலை இருக்கு. அங்க புஷ்மேன், இல்ல கார்பர்க், இல்ல பங்கா. அந்த டோங்காட் மாமாவுக்கு நான் சொன்னது, வீட்ல பங்கா இருக்கு, ரம்பம் வேணும்னா மடக்கு ரம்பம் தனியா வாங்கிக்கோங்க, முதுகு ரம்பத்துக்குக் காசு குடுக்காதீங்க. தம்பிக்கு ஹாலோ ஹேண்டில் ஆசை விடல, அவனுக்கு புஷ்மேன் சொல்லியிருக்கேன், ராக்கெட் டேப்போட.

சட்டத்தையும் சொல்லிடறேன். 2013-ம் வருஷத்து டேஞ்சரஸ் வெப்பன்ஸ் சட்டப்படி கத்தி வச்சிருக்கறதே குத்தம் ஆகாது, எந்த இடத்துல, எந்தச் சூழ்நிலைல வச்சிருக்கீங்கன்னு பாப்பாங்க, தப்பான காரியத்துக்குத்தான் வச்சிருக்கான்னு நியாயமா சந்தேகம் வர்ற மாதிரி இருந்தா மாட்டிப்பீங்க. கேம்பிங் மாதிரி பொழுதுபோக்குக்கு விலக்கு உண்டு, ஆனா ரம்பப் பல்லு வச்ச 7 அங்குலக் கத்திய இடுப்புல மாட்டிட்டு கேட்வே மால்ல சுத்தினா போலீஸ்கிட்ட ஹைக்கிங் கதை எடுபடாது. போற வரைக்கும் பையோட அடில, உறைக்குள்ள, பக்கியோட பின்னாடி இருக்கட்டும்.

ஏற்கனவே மலிவு ஹாலோ ஹேண்டில் வாங்கி வச்சிருக்கறவங்க பதற வேண்டாம், மார்க்கர் கோடு போட்டு ஒரு சனிக்கிழமை தட்டிப் பாத்துடுங்க. கோடு நகரலைன்னா சின்ன வேலைக்கு வச்சுக்கோங்க, கோட்டை மட்டும் அழிக்காதீங்க, ஒவ்வொரு டிரிப்புக்கும் முன்னாடி ஒரு பார்வை பாருங்க. நகந்துருச்சுன்னா அதோட ரிட்டயர் பண்ணிடுங்க, பசை ஊத்தி மறுபடி ஒட்டறேன்னு உக்காராதீங்க. தூக்கிப் போடும்போது பிளேடுல தடிமனா அட்டை வச்சு டேப் சுத்திப் போடுங்க, குப்பை எடுக்கற நாள்ல பையக் கிளறிப் பொறுக்கறவங்க கை அதுல படக் கூடாது.